ஒத்துக்காரரின் மூச்சு

திருமாலின் வாயில் ஊதப்படும் சங்கின் பேற்றை வியந்து ஆண்டாள் ஒரு பதிகமே பாடிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கோயில் மேளமானாலும், பக்கத்து ராஜபாளையத்துக் கல்யாண மேளமானாலும், மூச்சடக்கத்துக்குப் பெயர் வாங்குபவர் நாகஸ்வரக்காரர்தான். என் கணிப்பில் அந்த வித்தையின் உச்சம் பக்கத்தில் நின்று ஒத்து என்னும் சுருதிக் குழலை ஊதிய ஒத்துக்காரரிடம் இருந்தது. நாகஸ்வரக்காரர் சங்கதிகளுக்கு நடுவே மூச்சு வாங்கலாம். தவில் தனியாக முழங்கும்போது சீவாளியையும் மாற்றிக்கொள்ளலாம். ஒத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளியபடியே மூக்கால் உள்ளிழுத்து, சுருதி அறாமல் காக்க வேண்டும். ஒரே சுரம்தானே, இதில் என்ன வித்தை என்பார்கள். ராக ஓட்டத்தில் மூச்சு வாங்கிய இடம் தெரியாது. ஒற்றைச் சுரத்தில் ஒளிய இடமேது? சுருதிப்பெட்டி வந்தபின் மேளத்தில் வேலை இழந்தவரும் அவர்தான்.