பெருங்கல் அடார்

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை முன் நின்றபோது புறநானூற்றின் 152ஆம் பாடல் நம் நினைவுக்கு வந்தது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஓர் அம்பு வீழ்த்தியதாக வன்பரணர் பாடுகிறார். (சற்று மிகைதான், புலவர்க்கு அது உரிமை.) ஆனால் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங்களை இரவெல்லாம் காத்து நின்றது வில்லன்று, அடார் என்னும் பொறியே.

பெருங்கல் ஒன்றைச் சாய்த்துச் சிறு பொறியால் தாங்கி நிறுத்துவர். விலங்கு தீண்டியதும் கல் விழுந்து உடலை நசுக்கிவிடும். கல்லைவிட இடத்தேர்வே முதன்மையானது. நன்னனின் மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம், பன்றிக்கு அஞ்சிய புனவர் அது நுழையும் புழைதோறும் இப்பொறியை வைத்ததைச் சொல்கிறது. ஆதலால் இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கவும் செய்கிறது. கல் ஆளறியாது அல்லவா! நற்றிணை 119இல் பன்றிக்கு வைத்த அடாரில் புலி சிக்குகிறது.

இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுவிலங்குக்குப் பொறி வைப்பதும் வேட்டையே. ஓரிக்குச் சிலை இருக்கிறது. அந்தப் புலியை வீழ்த்தியவனை நற்றிணை 'புனவன்' என்று மட்டுமே குறிக்கிறது.