பாப்பா எங்கே?

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை இருந்தால், கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் படப்புத்தகம் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று நமக்குத் தோன்றும். கடைக்குப் போனால் பளபளக்கும் அட்டைகள். பனி, மான்கள் இழுக்கும் வண்டி, சிவப்பு உடைத் தாத்தா. சில புத்தகங்களில் கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் இயேசு பாலனைக் காணோம். நாமும் ஒருமுறை, அட்டையில் தங்க எழுத்து மின்னியதைப் பார்த்து மயங்கி, பெரிய புத்தகம் ஒன்றை வாங்கி எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தோம். ஒரே படத்தில் முப்பது, நாற்பது உருவங்கள். அரண்மனை போல ஒரு தொழுவம். "பாப்பா எங்கே?" என்று குழந்தை கேட்டது. நாமும் தேடத்தான் வேண்டியிருந்தது.

எழுத்து அறியாதவருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்பது திருஅவைக்கு மிகப் பழைய கேள்வி. 600ஆம் ஆண்டையொட்டி, பிரான்சின் மார்சேய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வழிபடுகிறார்கள் என்று சினந்து, கோவில்களில் இருந்தவற்றை உடைத்துப்போட்டார். திருத்தந்தை புனித பெரிய கிரகோரி அவருக்கு மடல் எழுதினார். வழிபடக் கூடாது என்று தடுத்தது சரி, உடைத்தது தவறு என்பது அவர் தீர்ப்பு. படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து செய்யும் உதவியை, படிக்கத் தெரியாதவருக்குப் படம் செய்கிறது என்று அவர் விளக்கினார். அவர் எழுதியது வளர்ந்தவர்களை மனத்தில் வைத்துத்தான். ஆனால், எழுத்து அறியாதோர் என்றால் நம் மடியில் இருக்கும் குழந்தையைவிட வேறு யார்?

அடுத்து, 1223ஆம் ஆண்டுக்கு வருவோம். இத்தாலியின் ரியேத்தி பள்ளத்தாக்கில் கிரேச்சோ என்ற மலையூர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏறக்குறைய பதினைந்து நாட்களுக்கு முன், புனித அசிசி பிரான்சிஸ் அவ்வூரில் இருந்த யோவான் என்ற நண்பரை அழைத்து, ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். பச்சிளம் குழந்தைக்கு வேண்டியது எதுவுமின்றி இயேசு பட்ட சிரமத்தைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பது அவர் ஆசை. அவ்வளவுதான் அந்தக் குடில். மரியா சிலை இல்லை, யோசேப்பு சிலை இல்லை, இடையர்கள் இல்லை. தீவனத் தொட்டியின்மீது திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். 'பெத்லகேம்' என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் அவர் உச்சரித்தார் என்றும், 'இயேசு' என்று சொன்னபோது இனிப்பைச் சுவைப்பவர்போல் உதட்டை நக்கிக்கொண்டார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறித்திருக்கிறார். சிறு பிள்ளைக்குக் கதை சொல்லும் தாத்தா, பாட்டி எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்! விழா முடிந்ததும் மக்கள் அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்களாம்.

மாடும் கழுதையும் பெத்லகேமில் இருந்ததாக லூக்கா சொல்லவில்லை. தன் உடைமையாளரை மாடும், தன் தலைவர் தீவனம் வைக்கும் இடத்தைக் கழுதையும் அறிந்திருக்கின்றன என்ற பொருளில் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் வசனத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்தன. மிலான் நகரின் புனித அம்புரோஸ் கோவிலில் 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழை ஒன்று உண்டு. அதிலுள்ள கிறிஸ்து பிறப்புக் காட்சியில் துணி சுற்றிய குழந்தையும் இருபுறமும் மாடும் கழுதையும் செதுக்கப்பட்டுள்ளன. ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயுவும் சொல்லவில்லை. உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் மூவரைக் காட்டும் ஓவியமும் உண்டு, இருவரைக் காட்டுவதும் நால்வரைக் காட்டுவதும் உண்டு. எனவே, புத்தகத்தில் ஒட்டகம் கூடிவிட்டது, ஓர் ஆடு குறைந்துவிட்டது என்று நாம் சண்டையிட வேண்டாம். குழந்தை நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

குழந்தைகளுக்கென்றே படங்களோடு அச்சான பாடநூல் பின்னர்தான் வந்தது. கொமேனியுஸ் என்ற ஆசிரியர் 1658இல் நியூரம்பெர்கில் வெளியிட்டது அவற்றில் புகழ்பெற்றது. பொருளை முதலில் கண்ணுக்குக் காட்டு, பிறகு சொல்லைக் கொடு என்பது அவர் முறை.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், 1963இல் நெதர்லாந்து ஓவியர் டிக் புருனா கிறிஸ்து பிறப்பைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான படப்புத்தகமாக்கினார். தடித்த கறுப்புக் கோடு, சில வண்ணங்கள், நேராக நம்மைப் பார்க்கும் முகங்கள். இதுதான் அவர் பாணி. பிரான்சின் வான்ஸ் ஊரில், தொமினிக்கன் அருள்சகோதரிகளுக்காக மத்தீஸ் என்ற ஓவியர் அமைத்த சிற்றாலயம் தம்மை ஆழமாகப் பாதித்தது என்று புருனா சொல்லியிருக்கிறார். வெள்ளை ஓடுகளில் வெறும் கறுப்புக் கோடுகளால் அன்னை மரியாவும் குழந்தையும் வரையப்பட்ட இடம் அது. எல்லாவற்றையும் நிரப்பி வரைவதே பக்தி என்று நினைக்கும் நமக்கு, அந்தக் காலியிடம் முதலில் சற்று உறுத்தும்.

ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும். ஆகவே கெட்டி அட்டைப் பக்கம் நல்லது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி போதும். அந்த வரியையும் அப்படியே வாசிக்காமல், நம் வீட்டுப் பேச்சில் சொல்லலாம்.

மறு ஆண்டு அதே எதிர்வீட்டுக் குழந்தைக்குச் சிறிய புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனோம். பாயில் உட்கார்ந்து பக்கம் புரட்டினோம். தொட்டியில் பாலன், கீழே மஞ்சள் கோடுகளாக வைக்கோல். குழந்தை அதில் விரலை வைத்து, "குத்தாதா?" என்றது. "குத்தும்" என்றோம். எழுந்து போய்த் தன் துண்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தின்மேல் போர்த்திவிட்டது. அதற்குமேல் அன்று புத்தகத்தைப் புரட்ட நம்மை விடவில்லை.