செட்டப் கோப்பின் ஹாஷ் குறிகள்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு மென்பொருளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஏற்கனவே சில பேர் கேட்டும்விட்டினம். விசயம் சின்னதுதான். ஒரு வாசிகசாலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய துண்டுப்பிரசுரங்களுக்கு அட்டவணை போட நாங்கள் மூன்று பேர் போனோம். பைதனில் ஒரு சின்ன நிரலும் எழுதினோம். ஆனால் அங்கே வேலை செய்யிற அக்கா கறுப்புத் திரையில் கட்டளை தட்டமாட்டா. பெட்டியும் பொத்தானும் உள்ள ஒரு சாளரம் வேணும். பைதனோடேயே வாற டிகின்டர் என்ற தொகுதி அதைத் தரும் என்று நம்பிப் போனால், அந்தப் பழைய லினக்ஸ் கணினியில் அப்படி ஒன்றே இல்லை என்று பிழைச்செய்தி வந்தது.

சரி, பைதனின் மூலநிரலை இறக்கி நாங்களே கொம்பைல் பண்ணுவோம் என்று தொடங்கினோம். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. டிகின்டர் மட்டும் அப்பவும் இல்லை! நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி முடிந்த பிறகு, தேவையானவை கிடைக்காதபடியால் இன்னின்ன தொகுதிகளைக் கட்டவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. காரணம் தேடிப் போன இடத்தில்தான் மொடியூல்ஸ் என்ற அடைவுக்குள் செட்டப் என்ற கோப்பைக் கண்டோம்.

பைதனைக் கட்டும்போது எந்தெந்தத் தொகுதிகளைச் சேர்க்க வேண்டும், அவற்றுக்கு வேண்டிய நூலகங்கள் கணினியில் எங்கே இருக்கின்றன என்று சொல்லுகிற கோப்பு அது. வரிக்கு முன்னால் # குறி இருந்தால் அது வெறும் குறிப்பு. குறியை அழித்தால் அதே வரி உயிர்பெற்றுக் கட்டளையாகிவிடும். பெரும்பாலான தொகுதிகளுக்கு ஒரு வரி போதும். டிகின்டருக்கு மட்டும் ஒரு பக்கம். இந்தக் கட்டளை நீளமானது, இடத்துக்கு இடம் மாறும், உங்களுக்குப் பொருந்துகிற வரிகளை மட்டும் திறந்து திருத்துங்கள் என்று முதலிலேயே எச்சரிக்கிறார்கள். பிறகு வரிசையாக வருகிறது: சொலாரிஸ் என்றால் ஓப்பன்வின் அடைவைப் பார், ஏஐஎக்ஸ் என்றால் இன்னொரு நூலகத்தையும் சேர், மற்றவர்கள் எக்ஸ்11ஆர்6 அடைவைப் பார். வரி முடிவில் இருக்கிற பின்சாய்வுக் கோட்டைத் தொடாதே என்றுகூட ஒரு குறிப்பு. ஏட்டின் ஓரக்குறிப்புகளை வாசிக்கச் சொல்லித்தானே எங்களுக்கு வகுப்பில் படிப்பிக்கிறார்கள்? இதுவும் அப்படித்தான் இருந்தது.

ஏன் இத்தனை வரி? ஏனெண்டால் யுனிக்ஸ் என்று ஒன்று இருக்கவில்லை, பல இருந்தன. ஏடி அன்ட் டி நிறுவனத்தில் பிறந்து, பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வேறு கிளைவிட்டு, சன், ஐபிஎம், எச்பி, டெக் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் வடிவத்தை விற்றது. 1984இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. 1987இல் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. ஆனால் திரையில் கோடு போடுவது எப்படி என்று எக்ஸ் சொல்லியதே தவிர, பொத்தான் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான் அடிபாடு. ஒரு பக்கம் சன்னும் ஏடி அன்ட் டியும் ஓப்பன் லுக்கோடு. மறுபக்கம் ஐபிஎம், டெக், எச்பி முதலியவை 1988இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, மோட்டிஃபைக் கொண்டுவந்தன. இதை ‘யுனிக்ஸ் யுத்தங்கள்’ என்கிறார்கள். பொத்தானின் விளிம்புக்காக நடந்த சண்டைக்கு அந்தச் சொல்லைப் பாவிக்க எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் பேர்க்லியில் ஜோன் ஓஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியர் வேறொரு கவலையில் இருந்தார். சாளர இடைமுகம் செய்யிறதுக்குப் பெரிய காசும் பெரிய ஆள்பலமும் வேணும் என்றாகிவிட்டால், சின்னக் குழுக்கள் என்ன செய்வது? 1988இல் டிக்கிள் என்ற சிறு மொழியை எழுதினார். அதே வருடக் கடைசியில் டிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பைத் தொடங்கினார். மோட்டிஃபில் பக்கக்கணக்கில் எழுத வேண்டிய பொத்தானை டிகேயில் ஒரு வரியில் எழுதலாம். தோற்றமும் மோட்டிஃப் மாதிரியே. மோட்டிஃபுக்கு உரிமம் வாங்கக் காசு, இதுவோ சும்மா கிடைத்தது. 1990களில் ஸ்டீன் லும்ஹோல்ட்டும் பைதனை உருவாக்கிய கீடோ வான் ரொஸமும் டிகேயைப் பைதனோடு இணைத்ததுதான் டிகின்டர். ஓஸ்டர்ஹவுட்டின் கவலை எங்களைப் போன்ற மூன்று பேரைப் பற்றியதும்தான் என்று நினைத்துக்கொண்டோம். கொஞ்சம் மிகைதான், பரவாயில்லை.

ஆனால் ‘சும்மா’ என்பதற்குப் பின்னால் ஒரு வேலை ஒளிந்திருந்தது. டிகின்டர் மூன்று படிகளின் மேல் நிற்கிறது: டிகே, அதற்குக் கீழே டிக்கிள், அதற்கும் கீழே எக்ஸ்11. மூன்றின் நூலகமும் தலைப்புக் கோப்புகளும் எங்கே இருக்கின்றன என்று கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேணும். பதிப்பு எண்ணும் பெயரிலேயே இருந்தபடியால் 8.0 இருக்கிற கணினியில் 8.2 என்று எழுதினால் சரிவராது. நூலகங்களின் வரிசை மாறினாலும் சில கணினிகளில் சிக்கல். ஆக, சண்டை பிடித்தது நிறுவனங்கள், அதற்கான ஹாஷ் குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் இரவு முழித்திருந்த ஆள். எந்த வரலாற்றிலும் அந்த ஆளின் பெயர் இல்லை.

2001இல் பைதன் 2.1 வந்தபோது இந்தத் தேடலை ஒரு நிரலே செய்யத் தொடங்கியது. வழமையான அடைவுகளைத் தட்டிப் பார்த்து, கிடைத்தால் கட்டும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும். 2022இல் 3.11 பதிப்பிலிருந்து டிகே எங்கே என்று பிகேஜி-கொன்ஃபிக் என்ற கருவியிடம் கேட்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பழைய கோப்பு உங்களோடு கதைத்தது. புதிய முறை தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் பேசாமல் தாண்டிப் போகிறது. எங்கட நிலைமை அதுதான். டிகே எங்கட கணினியில் இருந்தது. ஓடுவதற்கு வேண்டிய நூலகம் மட்டும். கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளை லினக்ஸ் விநியோகங்கள் டெவ் என்ற ஒட்டோடு தனிப் பொதியாக வைத்திருக்கும். அதைப் போட்டு, கொன்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டி, மறுபடி கட்டினோம். இந்த முறை கடைசி வரியை வாசித்தோம். டிகின்டர் பெயர் அங்கே இல்லை. அது அங்கே இல்லாததுதான் நல்ல செய்தி.

சாளரம் திறந்தது. அக்கா வந்து இருந்து முதல் துண்டுப்பிரசுரத்தின் ஊரைத் தட்டினா. ‘யாழ்’ ஒழுங்காக வந்தது. ‘கொழும்பு’ வரவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. 1999இலேயே டிகே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு எழுத்தின் எண்ணைத் தெரிந்திருப்பது வேறு, கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது வேறு. எக்ஸ்11 மேல் ஓடுகிற எங்கட டிகே இரண்டாவதைச் செய்யவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுத்தை அடுக்கும் ஆங்கிலத்துக்கு அது தேவைப்படவுமில்லை.

“இது ஆரிட ஊர் தம்பி?” என்று அக்கா கேட்டா.

கோப்பைத் திறந்து காட்டினோம். அதற்குள் கொழும்பு கொழும்பாகவே சேமிக்கப்பட்டிருந்தது, சாளரத்தில்தான் பிழை. அவ நம்பவில்லை. அடுத்த கிழமை ஜிடிகேயில் எழுதிக்கொண்டு வாறம் என்று சொல்லியிருக்கிறோம். அதில் பங்கோ என்ற நூலகம் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கும். அதற்கும் ஒரு டெவ் பொதி வேணும், பார்த்துவிட்டோம்.