கப்பலேறிப் போய் மலையேறிய கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சரித்திரமாக இருந்தால் நல்லது என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "சார், நான் சிவில் படிச்சவன். எனக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நழுவப் பார்த்தேன். "கப்பல்ல போயி ஏதோ மலையேறிட்டு வந்தீங்களாமே, அதையே எழுதிடுங்க" என்றார். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். யாரென்று தெரியும். ஸ்ரீரங்கத்துக்காரன்தான்.

நாங்கள் 2010இல் படிப்பை முடித்து வெளியே வந்த பேட்ச். விடுதியில் ஒரே வராந்தாவில் ஆறு பேர். அவரவர் ஊரின் பெயர்தான் அவரவர் பெயர். ஸ்ரீரங்கத்துக்காரன், லால்குடி, மணப்பாறை, முசிறி என்று. அதில் முசிறி 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டான். அதன் பிறகு மற்ற ஐந்து பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எதையும் தள்ளிப்போடுவதில்லை.

2023 ஜூன் 5ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு முதல் உல்லாசப் பயணக் கப்பல் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்த் திரும்பும் பயணம். செய்தியைப் பார்த்ததும் லால்குடிக்காரன் போன் செய்தான். ஆகஸ்டில் கிளம்பிவிட்டோம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரம்தான். அதை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கடலைச் சுற்றிக்கொண்டு போவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

கப்பலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரியில் பாட்டு, மறுபடியும் சாப்பாடு. சுற்றிலும் தண்ணீர். ஸ்ரீரங்கத்துக்காரன் மட்டும் மேல்தளத்தில் தெற்குப் பக்கமாக நின்றுகொண்டு, "எங்க பெருமாள் எத்தனையோ காலமா இந்தத் திசையைப் பாத்துட்டுப் படுத்திருக்கார். நான் நேராவே போறேன்" என்றான். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விபீஷணன் ரங்கவிமானத்தை இலங்கைக்கு எடுத்துப் போகிறான். வழியில் காவிரிக் கரையில் ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு நீராடப் போகிறான். சிறுவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடி மலையுச்சியில் உட்கார்ந்துகொள்கிறான். அவர்தான் உச்சிப் பிள்ளையார். பெருமாள் ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, விபீஷணனுக்காகத் தெற்கே பார்த்துப் பள்ளிகொண்டார். ஆக, இலங்கைக்குப் போக வேண்டிய சரக்கு திருச்சியில் நின்றுபோன கதை நமக்குப் புதிதல்ல.

திருகோணமலையில் கப்பல் நிற்பது ஒரு பகல்தான். பெரும்பாலானவர்கள் கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போனார்கள். நாங்கள் ஒரு வேன் பிடித்து, ஹபரணை வழியாக நூறு கிலோமீட்டர் போல உள்ளே போய் சிகிரியா மலையைப் பார்ப்பதென்று முடிவு. ஓட்டுநர் அறுபது வயதிருக்கும் உள்ளூர்த் தமிழர். ஏறும்போதே சொல்லிவிட்டார்: "தம்பிமார், நாலரைக்குத் துறைமுகத்தில நிக்க வேணும். அங்க உங்களுக்கு மூண்டு மணித்தியாலம்தான். ஓமோ?"

ஓம் என்றோம்.

காட்டுக்கு நடுவில் திடீரென்று ஒரு ஒற்றைப் பாறை. தரையிலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர். நம் மலைக்கோட்டை 83 மீட்டர் என்பார்கள். அதை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் எட்டாது. பக்கங்கள் செங்குத்து. இதன் உச்சியில் ஒருவன் அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தான் என்றால் அவனுக்கு ஒன்று பெரிய ரசனை இருந்திருக்க வேண்டும், அல்லது பெரிய பயம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டும் இருந்தன என்கிறது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்டவன் தாதுசேனன். கலாவெவ என்ற பெரிய ஏரியைக் கட்டியவன். அங்கிருந்து அநுராதபுரம் போகும் கால்வாய் 87 கிலோமீட்டர். அதன் முதல் பகுதியில் மைலுக்கு ஆறே அங்குலச் சரிவு. கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வராது. இப்போது படிக்கும் சிவில் தம்பி தங்கைகள் சர்வே லேபில் டம்பி லெவலை வைத்துக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு பிழை வருகிறது என்று பாருங்கள். அப்புறம் இந்தக் கணக்கின் அருமை தெரியும். கல்லணைக்குப் பக்கத்தில் படித்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாதுசேனனுக்கு இரண்டு மகன்கள். காசியப்பன், பட்டத்து அரசிக்குப் பிறந்தவன் அல்ல. பட்டத்துக்கு உரியவன் மொகலன். அரசனோடு பகை கொண்ட சேனாபதியின் தூண்டுதலில் காசியப்பன் அப்பனைச் சிறைப்பிடித்து 477இல் அரியணை ஏறினான். மொகலன் தப்பி நம் பக்கத்துக்கு, இந்தியாவுக்கு ஓடிவந்துவிட்டான். புதையல் எங்கே என்று மகன் கேட்டபோது, தாதுசேனன் தன்னைக் கலாவெவவுக்கு அழைத்துப் போகச் சொன்னான். ஏரியில் இறங்கிக் குளித்து, கையில் தண்ணீரை அள்ளிக் காட்டி, தன் சொத்து முழுதும் இதுதான் என்றானாம். பிறகு அவனைச் சுவரில் வைத்துப் பூசிக் கொன்றுவிட்டார்கள்.

குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்ப்பவன் நான். எத்தனையோ திட்ட அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கை தண்ணீருக்கு ஈடான அறிக்கையை நான் பார்த்ததில்லை.

தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில் காசியப்பன் இந்தப் பாறைக்குத் தலைநகரை மாற்றிக்கொண்டான் என்பது கதை. கோட்டையல்ல, குபேரனின் அளகாபுரி போல ஒரு இன்ப நகரம் கட்ட நினைத்தான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அரண்மனையே அல்ல, பௌத்த மடம்தான் என்போரும் உண்டு. பண்டிதர் சண்டையில் நமக்கென்ன வேலை? ஆனால் அடிவாரத்துத் தோட்டத்தைப் பார்த்தவுடன் எனக்கு ஒன்று தோன்றியது: யார் கட்டியிருந்தாலும் அவரிடம் நல்ல தண்ணீர் இன்ஜினியர் இருந்திருக்கிறார்.

நடைபாதைக்கு இருபுறமும் அளவு பிசகாத குளங்கள். பூமிக்கடியில் குழாய்வழிகள். ஓட்டை போட்ட சுண்ணாம்புக்கல் பலகைகள்தான் நீரூற்றுகள். பம்பு கிடையாது, மேட்டிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான். நல்ல மழைக்காலத்தில் இன்றைக்கும் பீச்சுகின்றன என்பதுதான் விசேஷம். நாங்கள் போனது ஆகஸ்டு, காய்ந்து கிடந்தது. மண்டியிட்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மணப்பாறைக்காரன் காலரைப் பிடித்து எழுப்பினான்.

ஏறக்குறைய 1,200 படிகள். பாதி வழியில், பாறையின் குழிவில் புகழ்பெற்ற ஓவியப் பெண்கள். படம் எடுக்க அனுமதியில்லை. அதற்கும் மேலே ஒரு தட்டில் செங்கல்லால் கட்டிய இரண்டு பிரம்மாண்டமான சிங்கப் பாதங்கள். ஒரு காலத்தில் முழுச் சிங்கமே இருந்து, அதன் வாய் வழியாக உள்ளே போய் ஏறினார்களாம். பிரிட்டிஷ் அதிகாரி ஃபோர்ப்ஸ் 1831இல் இந்த இடிபாடுகளைக் காட்டுக்குள் கண்டு எழுதினார். பெல் என்ற தொல்லியல் அதிகாரி 1890களில் தோண்டியபோதுதான் பாதங்கள் வெளிப்பட்டன.

உச்சி ஏறக்குறைய 1.6 ஹெக்டேர். அடித்தளங்கள் மட்டும்தான் மிச்சம். நடுவே பாறையில் குடைந்த பெரிய குளம், அதில் பச்சையாகத் தண்ணீர். கீழேயிருந்து எப்படி ஏற்றினார்கள் என்று பக்கத்தில் யாரோ வியந்துகொண்டிருந்தார்கள். நான் மனக்கணக்கு போட்டேன். ஆண்டுக்கு ஒரு மீட்டர் மழை என்று குறைத்துப் பிடித்தாலும், அந்தப் பரப்பில் விழுவது ஒரு கோடியே அறுபது லட்சம் லிட்டர். அதில் கால்வாசியைப் பிடித்து வைத்தால் தினம் பதினோராயிரம் லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரி தண்ணீர். மேலே ஒரு ராஜாவும் பரிவாரமும் பிழைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் சில நகர்களுக்கு வாரம் ஒரு லாரிதான் வருகிறது.

அத்தனை கட்டியும் காசியப்பன் ஆண்டது 18 ஆண்டுகள். 495இல் மொகலன் படையோடு வந்தான். காசியப்பன் மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் போய்ச் சண்டை போட்டான். முன்னே சதுப்பு நிலம் இருப்பதைக் கண்டு அவன் யானை திரும்பியது. ராஜா ஓடுகிறார் என்று படை நினைத்து ஓடிவிட்டது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு செத்தான். மொகலன் மலையைப் பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு அநுராதபுரத்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

இதெல்லாம் ராஜாக்கள் சமாசாரம். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. இறங்கும்போதுதான் அதை நின்று பார்க்க முடிந்தது.

ஓவியங்களுக்குக் கீழே பாறையை ஒட்டி ஒரு நீண்ட சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு, முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றியது. கண்ணாடிச் சுவர் என்றே பெயர். ராஜா போய்ப் பல தலைமுறை கழிந்து, 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை, சும்மா பார்க்க வந்த ஜனங்கள் அந்தச் சுவரில் கீறியிருக்கிறார்கள். பிக்குகள், உத்தியோகஸ்தர்கள், பெண்கள் எல்லோரும். ஓவியப் பெண்களைப் பார்த்து உருகியவர் பலர். வந்தேன், பார்த்தேன் என்று பெயரோடு விட்டவரும் உண்டு. பரணவிதான என்ற அறிஞர் 685 பாடல்களைப் படித்து 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பழைய சிங்கள மொழி எப்படியிருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தக் கிறுக்கல்கள் பெரிய ஆதாரம்.

அதே சுவரில் 2015இல் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் தன் பெயரைக் கீறினாள். நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. பிறகு ஜனாதிபதி மன்னித்து விடுதலை செய்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் கீறினால் இலக்கியம், இப்போது கீறினால் ஜெயில்.

லால்குடிக்காரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் 2010 ஏப்ரலில், கடைசிப் பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மலைக்கோட்டைப் படிக்கட்டு ஓரம் ஒரு சுண்ணாம்புச் சுவரில் காம்பஸ் முனையால் மூன்று எழுத்து கீறினோம். நான், ஸ்ரீரங்கத்துக்காரன், முசிறி. கீழே வருஷம். யோசனை என்னுடையது. கை முசிறியுடையது, அவன் எழுத்துதான் நன்றாக இருக்கும். ஸ்ரீரங்கத்துக்காரனைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஒன்றும் பேசவில்லை.

ஹபரணைக்கு அப்பால் சாலையில் யானை நின்று அரை மணி நேரம் போனது. நாலு மணிக்குத்தான் துறைமுகம் சேர்ந்தோம். "சொன்னனான்தானே?" என்றார் ஓட்டுநர்.

திரும்பி வந்த அடுத்த மாதம் திருச்சியில் ஒரு நாள் கிடைத்தது. தனியாக மலைக்கோட்டை ஏறினேன். நான்கு வருஷம் ஏறாத வாரமில்லை. ஆனால் மேலே போகும் வழியிலுள்ள பல்லவர் குகைக்குள் ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைந்தது. உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவன். பக்கத்துத் தூண்களில் வடமொழிப் பாட்டு. ஹூல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அதைப் பதிப்பித்துவிட்டார். நதிகளை விரும்பும் சிவன் காவிரியைப் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று மலைமகள் பயந்து, பிறந்தகத்தை விட்டு இங்கேயே குடிவந்துவிட்டாளாம். அதாவது ஆற்றைப் பற்றிய பாட்டு, ஆறு தெரியும் மலையில். தூண்களில் அரசன் தன் பட்டப்பெயர்களையும் செதுக்கி வைத்திருக்கிறான். அவனும் கடைசியில் பெயரைத்தான் எழுதியிருக்கிறான்.

பிறகு எங்கள் சுவரைத் தேடினேன். எந்தத் திருப்பம் என்று நிச்சயமாக ஞாபகமில்லை. எல்லா இடத்திலும் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். விரலால் தடவித் தடவி அரை மணி நேரம் பார்த்தேன்.

"என்ன சார் தேடறீங்க?" படி பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா."

"கிறுக்கி வெச்சதெல்லாம் சுரண்டிட்டுத்தான் பெயிண்ட் அடிச்சாங்க. நல்லாருக்குல்ல இப்ப?"

நல்லாயிருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் முசிறிக்குப் பஸ் ஏறி, அவன் அம்மாவைப் பார்த்தேன். கப்பல், யானை, சிங்கப் பாதம், மலைமேல் குளம் எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.