ஐந்து சதவீதத்தில் தலித் மாணவர் எத்தனை பேர்?

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி என நம் கரிசல் பூமியிலிருந்து கலை, அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில்தான். பட்டியல் சாதியினருக்கு அங்கே எத்தனை இடம் என்று நம் மாணவர் அமைப்புகளைக் கேட்டால் உடனே பதில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை இடம், அதில் தலித் எத்தனை பேர் என்று கேட்டால் அநேகமாகப் பதில் வராது. இரண்டு உரிமைகளும் தனித்தனிப் பாதையில் வளர்ந்ததுதான் இதற்குக் காரணம்.

நம் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிகள் கல்வியின் கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. 1890களில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்கும் அங்கே பள்ளி தொடங்கினார்கள். பெரும் பணிதான். ஆனாலும் அன்று அது மிஷனரிகளின் அறப்பணி, யாரும் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. உரிமையாக மாற நூறாண்டு ஆயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 சதவீத இடம் தந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதை 5 சதவீதமாக்கியது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு கொடுத்தது. 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது.

சட்டம் வந்தும் இடங்கள் தானாக நிரம்பவில்லை. சட்டக் கல்லூரிகளில் 3 சதவீத இடத்தை நிரப்பவில்லை என்று மாற்றுத்திறனாளி உரிமைக் குழு 2006இல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரிந்து, 11 ஆண்டு கழித்து 2017 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் 5 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பேரைச் சேர்த்தது என்ற கணக்கை மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்ப வேண்டும். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, கட்டடமும் கற்பிக்கும் முறையும் அவர்களுக்கு ஏற்றதாக மாற வேண்டும் என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், தேர்வெழுத உதவியாளர் கேட்பது சலுகை அல்ல, சமத்துவ உரிமை என்பதும் உறுதியானது.

இதில் சாதி எங்கே வருகிறது?

1992 மண்டல் தீர்ப்பு இடஒதுக்கீட்டை இரண்டாகப் பிரித்தது. சாதி அடிப்படையிலானது செங்குத்து ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகளுக்கானது அதைக் குறுக்கே வெட்டும் கிடைமட்ட ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளியாகத் தேர்வாகும் தலித் மாணவி பட்டியல் சாதி இடத்தில் கணக்கு வைக்கப்படுவார். ஆனால் அந்த 5 சதவீதத்தைச் சாதிவாரியாகப் பிரிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிரப்பினால், அவர் முதலில் எல்லாச் சாதி மாற்றுத்திறனாளிகளோடும் போட்டியிட்டாக வேண்டும். நகரத்தில் சிறப்பு ஆசிரியரும் கணினி வசதியும் கிடைத்துப் படித்தவரும், பிரெயில் புத்தகம் பார்க்காமலே பிளஸ் டூ முடித்த சேரிப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 5 சதவீதமும் நிரம்பிவிடும். அதில் ஒரு தலித்கூட இல்லாமலும் போகலாம். அறிக்கையில் குறை எதுவும் தெரியாது.

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் அது 2.45. சத்துக் குறைவும், எட்டாத மருத்துவமும், ஆபத்தான வேலையும் யார் தலையில் விழுகின்றன என்பது தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாதி, பாலினம், குறைபாடு மூன்றும் ஒருவர் மீது சேர்ந்தே இயங்குகின்றன என்பதை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசியது. பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீது ஆந்திரத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு அது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் சாதியின் காரணமாகத்தான் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனை நீக்கப்பட்டது. சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பிலேயே, சாதியைத் தனியாகப் பிரித்து நிரூபிக்க முடியாமல் போனது.

தோழர்களே, இந்தச் சேர்க்கைக் காலத்தில் உங்கள் கல்லூரிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், அருந்ததியர் எத்தனை பேர், ஆணையருக்கு அனுப்பிய கணக்கின் நகல் எங்கே என்று கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியையும் விட்டுவிடாதீர்கள். கல்லூரி வாசலில் சாய்தளம் கட்டியிருப்பார்கள். நம் பிள்ளைகள் இரவில் தங்கும் விடுதியின் படிக்கட்டிலும் கழிப்பறையிலும் சக்கர நாற்காலி போகுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். கிடைக்கும் பதில்களைத் தொகுத்தால், அடுத்த வழக்குக்கும் அடுத்த போராட்டத்துக்கும் வேண்டிய ஆதாரம் நம் கையிலேயே இருக்கும்.