நீதியைத் தட்டிப் பார்த்தல்



விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்வோர், சூளையினின்று எடுத்த கோப்பையை விரலால் தட்டிப் பார்ப்பர். ஓசை தெளிவாக எழுந்தால் கோப்பை தேறியது. மங்கி ஒலித்தால் விரிசல் உண்டு. சூளையில் எத்தனை அடுக்கினோம் என்பது வெறும் கணக்கு; எத்தனை தேறின என்பதே மதிப்பீடு. நீதிமன்றச் சீர்திருத்தத்துக்கும் இது பொருந்தும். சென்னை மாகாண வரலாறே அதற்குச் சான்று.

1802-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார், வங்காளத்து முறையைப் பின்பற்றி, இங்கே ஜில்லா நீதிமன்றங்களை நிறுவினர். வரி தண்டும் கலெக்டரிடமே நீதி வழங்கும் அதிகாரமும் இருத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆயினும் மன்றங்கள் சில, வழக்குகளோ பல. ஏழை உழவன் நெடுந்தொலைவு சென்று, பொருள் இழந்து, காத்துக் கிடந்தான். 1812-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை இம்முறையின் குறைகளை எடுத்துரைத்தது. 1814-இல் தாமஸ் மன்றோ, இம்முறையை ஆராய்ந்து திருத்தும் குழுவுக்குத் தலைவராகச் சென்னைக்கு அனுப்பப்பெற்றார்.

அதன் பயனாக 1816-இல் புதிய சட்டங்கள் பிறந்தன. கிராமத் தலைவர்கள் சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப்புகள் ஆயினர். ஜில்லா முன்சீப்புகளும் பஞ்சாயத்துகளும் ஏற்பட்டன. நீதி மக்களை நெருங்கி வந்தது. ஆனால் அதே ஆண்டில் போலீஸ் அதிகாரமும் மாஜிஸ்டிரேட் அதிகாரமும் கலெக்டரிடம் ஒப்படைக்கப்பட்டன. பிடிக்கும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாயின! ஒரு விரிசலை அடைக்கப் போய் மற்றொரு விரிசல் கண்டது.

அதனைச் சரிசெய்ய நெடுங்காலம் ஆயிற்று. நிர்வாகத்தினின்று நீதித்துறையைப் பிரிக்குமாறு, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டியது. 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, குற்ற விசாரணையை நாட்டின் பெரும்பகுதியில் நீதித்துறை மாஜிஸ்டிரேட்டுகளிடம் சேர்த்தது. 1816 முதல் எண்ணினால் 158 ஆண்டுகள்!

இன்று எண்களுக்குக் குறைவில்லை. 2015-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில், எந்த மன்றத்தில் எத்தனை வழக்குகள், எத்தனை ஆண்டுகளாகத் தேங்கியுள்ளன என்பதை எவரும் காணலாம். இது பெரும் பேறே. எனினும் எண் மட்டும் போதாது. எளியவன் மன்றத்தை எட்ட முடிந்ததா? எத்துணைக் காலம் காத்திருந்தான்? தீர்ப்பளித்தவர் பிறர்க்கு அஞ்சாத நிலையில் இருந்தாரா? 1802-ஆம் ஆண்டுத் திட்டம் முதலிரு வினாக்களில் தவறியது. 1816-ஆம் ஆண்டுத் திட்டம் மூன்றாவதில் தவறியது.

மாணவர்களே, எந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேட்டாலும் இம்மூன்று வினாக்களையும் சேர்த்தே கேளுங்கள். சட்டம் இயற்றுவது சூளை மூட்டுவது போன்றது. தட்டிப் பார்க்கும் விரல் குடிமக்களாகிய உங்களுடையது.