திருமுழுக்கு ஏட்டில் பாத்திமா

மதுரையில் பாத்திமா கல்லூரி 1953இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் லியோன் புனித சூசையப்பர் சபைக் கத்தோலிக்கக் கன்னியர். அதே மதுரையின் முஸ்லிம் குடும்பங்களில் பாத்திமா என்ற பெயர் பல தலைமுறைகளாகப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பள்ளி வருகைப்பதிவேட்டைப் புரட்டினால் பாத்திமா பீவியும் பாத்திமா மேரியும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பதைக் காணலாம். அக்கம்பக்கத்தில் வாழ்வதால் ஒருவர் பெயரை மற்றவர் எடுத்துக்கொண்டார் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. இரண்டு பெயர்களும் அரேபியாவில் ஒரே இடத்தில் கிளம்பியவைதான். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரை வந்தடைந்த பாத்திமா, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் ஒரு சிற்றூரின் பெயராகப் பல நூற்றாண்டுகள் ஒதுங்கிக் கிடந்துவிட்டு வந்தவள். அந்த வழியைத் தொடர்வதே இக்கட்டுரையின் வேலை.

பாத்திமா இஸ்லாம் உண்டாக்கிய பெயரன்று. பால்குடி மறக்கச் செய்பவள் என்னும் பொருளுடைய இச்சொல், நபிகள் நாயகத்துக்கு முந்தைய அரேபியாவிலேயே பெண்களுக்கு வழங்கியது. ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர் இம்ருல் கைஸ் தம் புகழ்பெற்ற நெடும்பாடலில் காதலி ஒருத்தியை இப்பெயரால்தான் விளிக்கிறார். நபிகளின் தந்தைவழிப் பாட்டி பாத்திமா. நபிகளின் மருமகன் அலியின் தாயும் பாத்திமா. உமர் இஸ்லாத்தை ஏற்றதற்குக் காரணமாக மரபு சொல்லும் நிகழ்ச்சியில், குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த அவருடைய தங்கையின் பெயரும் அதுவே. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு: தமக்கு அன்பளிப்பாக வந்த பட்டுத்துணியை நபிகள் அலியிடம் கொடுத்து, அதை முக்காடுகளாக வெட்டிப் ‘பாத்திமாக்களுக்கு’ப் பங்கிடச் சொல்கிறார். பன்மையில் சொல்லும் அளவுக்கு அந்தக் குடும்பத்தில் பாத்திமாக்கள் இருந்திருக்கிறார்கள்.

பலருள் ஒரு பெயராக இருந்ததை ஒப்பற்ற பெயராக்கியவர் நபிகளின் மகள். தந்தை மறைந்த சில மாதங்களில், 632இல், அவரும் மறைந்தார். நபிகளின் வம்சம் தொடர்ந்தது அவருடைய மக்கள் ஹசன், ஹுசைன் வழியாகத்தான். ஆகவே சையது என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூலத்தாய் அவரே. சன்னி, ஷியா என்று பிரிந்த இரு தரப்பும் சற்றும் குறையாமல் போற்றும் பெண் என்பதால், மற்றப் பெயர்கள் சிலவற்றுக்கு நேர்ந்ததுபோல் இப்பெயர் ஒரு தரப்பின் அடையாளமாகச் சுருங்கவில்லை. 909இல் வட ஆப்பிரிக்காவில் அரசமைத்து 969இல் கெய்ரோவை எழுப்பிய மரபினர் பாத்திமியர் என்றே வரலாற்றில் அறியப்படுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயரால் ஒரு பேரரசு அறியப்படுவது உலக வரலாற்றில் அரிது.

ஆனாலும் அரசுகளைவிட அன்றாட வழக்கமே இப்பெயரை அதிகம் பரப்பியிருக்கும் என்பது என் கணிப்பு. வீட்டுவேலையில் கை காய்த்துப்போன பாத்திமா, துணைக்கு ஒரு பணியாள் வேண்டுமென்று தந்தையிடம் கேட்டார். அவரோ பணியாளுக்குப் பதிலாக 33, 33, 34 முறை சொல்லும் இறைத்துதியைக் கற்றுத்தந்தார். பாத்திமா தஸ்பீஹ் என்று அதை இன்றும் ஓதுகிறார்கள். உழைத்துக் களைத்த எந்தப் பெண்ணும் தன்னை அந்தக் கதைக்குள் காண முடிந்தது. பெயர் போன இடமெல்லாம் அந்தந்த ஊர் நாவுக்கு இசைந்தது: துருக்கியில் பத்மா, ஈரானில் பாதெமே, மேற்கு ஆப்பிரிக்காவில் பாத்துமாத்தா, சுருக்கமாகப் பாத்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் பாதுமா. 1996 ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் தங்கம் வென்ற எத்தியோப்பியரின் பெயர் பாதுமா ரோபா. கேரளத்தில் பாத்தும்மா, எழுத்தாளர் பஷீரின் கதையில் வரும் ஆட்டுக்காரி அவள். தமிழில் பாத்துமுத்து, பாத்திமா நாச்சியார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமாவின் திருமணத்துக்கென ஒரு படலத்தையே ஒதுக்கினார். இலங்கை முஸ்லிம்களிடையே ஆண் பிள்ளைக்கு முகம்மது என்பதுபோல் பெண் பிள்ளைக்குப் பாத்திமா என்பது பெயரின் முதற்சொல்லாகவே நின்றுவிட்டது. கூப்பிடும் பெயர் அதற்குப் பின்னால் வரும்.

இனி மேற்கே போவோம். 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தில் இறங்கின. இன்றைய போர்ச்சுகலின் நடுப்பகுதி நானூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. போர்ச்சுகல் மன்னர் அபோன்சோ என்ரிக்கஸ் 1147இல் சாந்தாரெமையும் லிஸ்பனையும் கைப்பற்றினார். ஊர்களும் ஆறுகளும் தத்தம் அரபுப் பெயர்களோடே புதிய ஆட்சிக்குள் வந்தன. மேற்கு என்று பொருள்படும் அல்கார்வ், கோட்டை என்று பொருள்படும் அல்காசர் எல்லாம் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன.

மனிதர்களின் பெயர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1496இல் போர்ச்சுகல் மன்னர் மனுவேல் யூதர்களையும் முஸ்லிம்களையும் நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்டார். பக்கத்து ஸ்பெயினில் கிரனாதா 1492இல் விழுந்தபின், அங்கிருந்த முஸ்லிம்கள் கட்டாயத் திருமுழுக்குக்கு ஆளானார்கள். 1567இல் இரண்டாம் பிலிப்பின் ஆணை அரபு மொழியையும் உடையையும் மட்டுமல்ல, பெயர்களையும் தடைசெய்தது. பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்னும் முதியவர், மதம் மாறியோர் சார்பில் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பழைய பெயர்கள் போய்விட்டால் யார் எந்தக் குடியில் வந்தவர் என்பதே தெரியாமல் போகுமே என்று அதில் வாதாடினார். பெயரியல் ஆய்வில் ஈடுபடுவோர் எல்லாரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. பெயர் பறிபோகும்போது என்னென்ன போகும் என்பதை, பறிகொடுப்பவரே எண்ணிச் சொல்லும் அரிய சாட்சியம். விண்ணப்பம் பலிக்கவில்லை. கலகம் வெடித்தது, அடக்கப்பட்டது. 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தீபகற்பத்தில் பாத்திமா என்று வெளிப்படையாகத் தன் மகளை அழைக்க இனி ஒருவரும் இல்லை.

ஆனால் பாத்திமா என்று ஓர் ஊர் இருந்தது. லிஸ்பனுக்கு வடக்கே, ஒரெம் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறை மேட்டில், ஆடு மேய்ப்போரின் ஊர்.

அந்த ஊருக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது? வழங்கிவரும் கதை இது: 1158இல் கொன்சாலோ எர்மிகெஸ் என்ற வீரன் முஸ்லிம் இளவரசி பாத்திமாவைச் சிறைபிடிக்கிறான். அவள் கிறித்தவளாகி, ஒரெயானா என்ற புதுப்பெயருடன் அவனை மணக்கிறாள். இளவயதில் அவள் இறந்துபோக, அவன் துறவியாகி மடம் புகுகிறான். ஒரெயானாவால் ஒரெம், பாத்திமாவால் பாத்திமா. இக்கதையைப் பரப்பியவர் சிஸ்டெர்சியத் துறவி பெர்னார்தோ தெ பிரித்தோ; நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அவர் எழுதிய 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒரே பெண்ணின் இரண்டு பெயர்களால் இரண்டு ஊர்களுக்கும் விளக்கம் தருவது, பெயருக்குப் பின்னால் கதை கட்டும் வழக்கமான முறை. அரபுப் பெண்பெயர் ஊர்ப்பெயராக நின்றது என்பது மட்டும் உறுதி. நிலம் வைத்திருந்த பாத்திமா ஒருத்தி இருந்து, அவள் பெயரால் அவ்விடம் வழங்கியிருக்கலாம் என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது. முஸ்லிம் சட்டத்தில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்ததால் அது ஒன்றும் விந்தையன்று. கதையின் கரு எனக்கு வேறு வகையில் முக்கியம்: திருமுழுக்குப் பெறும் பாத்திமா தன் பெயரை விட்டாக வேண்டும் என்பது அதில் கேள்விக்கே இடமின்றி வருகிறது.

அந்த விதி பழங்கதையோடு முடியவில்லை. அல்ஜீரியாவின் கபீல் மலைநாட்டில் 1882 வாக்கில் பிறந்தவர் பத்மா ஐத் மன்சூர் அம்ருஷ். பத்மா என்பது பாத்திமாவின் பெர்பெர் வடிவம். 1899இல் கத்தோலிக்கரான அவருக்கு மார்கெரித் என்ற கிறித்தவப் பெயர் வந்து சேர்ந்தது. அவர் மறைந்தபின் 1968இல் வெளியான தன்வரலாறு தாங்கி நிற்பதோ பத்மா என்ற பெயரை. அதே அல்ஜீரியாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் வேலைக்காரப் பெண்கள் எல்லாரையும், அவரவர் பெயரைக் கேட்காமலே, ‘பத்மா’ என்று கூப்பிட்டார்கள். பெயரைப் பறிப்பதற்கு அது இன்னொரு வழி.

1917 மே 13 அன்று, பாத்திமா ஊரையடுத்த கோவா தா இரியாவில் மாதா காட்சி தந்ததாக லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று சிறார்கள் சொன்னார்கள். அக்டோபர் 13 வரை மாதந்தோறும் காட்சிகள் தொடர்ந்ததாகச் செய்தி பரவியது. கடைசி நாளில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். குடியரசு அரசு திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த காலம், முதல் உலகப் போரில் போர்த்துக்கீசிய இளைஞர்கள் களத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மக்கள் அந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1930 அக்டோபர் 13 அன்று லெய்ரியா ஆயர் அக்காட்சிகளை நம்பத் தக்கவை என அறிவித்தார்.

முதல் காட்சி நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளுக்கு இரண்டு வாரம் கழித்து, அதே 1917 மே 27இல், ரோமில் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெளியிடப்பட்டது. அதன் 761ஆம் விதி, குழந்தைக்குக் கிறித்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குத்தந்தை உறுதிசெய்ய வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிட்டால் புனிதர் பெயர் ஒன்றைச் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும். இவ்விதியின்படி வெறும் பாத்திமா ஒரு கத்தோலிக்கக் குழந்தைக்குப் பொருந்தாத பெயர். ஆனால் ‘மரியா தெ பாத்திமா’, அதாவது பாத்திமா ஊரின் மரியா, ஐயத்துக்கே இடமில்லாத மரியன்னை பெயர். நபிகள் மகளின் பெயர் திருமுழுக்கு ஏட்டுக்குள் நுழைந்த வாசல் இதுதான். தனிமனிதப் பெயராகத் தடுக்கப்பட்டது, ஊர்ப்பெயர் என்ற தகுதியில் அனுமதி பெற்றது.

ஐபீரிய நாடுகளில் இதற்குத் தடம் ஏற்கெனவே இருந்தது. மாதா வீற்றிருக்கும் தலத்தின் பெயரையே பெண்ணுக்கு இடுவது அங்கு நெடுநாள் வழக்கம்: பிலார், கார்மென், குவாதலூப்பே. மத்ரித் நகரின் காவல் மாதா அல்முதேனா. கோட்டைப்பகுதியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த அப்பெயரை எழுத்தாளர் அல்முதேனா கிராந்தெஸ் போன்ற எத்தனையோ பெண்கள் தாங்கினார்கள். ஆனால் அல்முதேனா ஒரு கோட்டையைக் குறித்த சொல். பாத்திமாவோ உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் பெயர், உலகில் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் சொல்லும் பெயர். அதனால்தான் இதன் திரும்பிவரல் தனிச்சிறப்புடையது.

1930களிலிருந்து போர்ச்சுகலில் மரியா தெ பாத்திமா பெருகியது. சலாசார் ஆட்சி அத்தலத்தை நாட்டின் அடையாளமாகத் தூக்கிப் பிடித்தது. 1940களிலும் 50களிலும் 60களிலும் பிறந்த பெண்களிடையே இது ஒரு தலைமுறையின் பெயராகவே ஆயிற்று. அன்றாடப் பேச்சில் மரியா உதிர்ந்து பாத்திமா மட்டும் நின்றது. பிரேசிலின் தொலைக்காட்சிச் செய்தியாளர் பாத்திமா பெர்னார்தெஸ் 1962இல் பிறந்தவர். மதெய்ராத் தீவில் பிறந்த ஆடை வடிவமைப்பாளர் பாத்திமா லோபெஸ் 1965இல்.

தமிழருக்கு அது வந்த வழியும் இதுவே. 1947இல் பாத்திமா மாதாவின் திருச்சுரூபம் ஒன்று நாடு நாடாகப் பவனி புறப்பட்டது. 1950ஐ ஒட்டி இந்தியாவுக்கும் வந்தது. மாதா தலங்களின் பெயரையும் பட்டப்பெயரையும் பிள்ளைக்கு இடுவதில் தமிழ்க் கத்தோலிக்கர் ஐபீரியருக்குச் சளைத்தவர்கள் அல்லர். வேளாங்கண்ணியால் ஆரோக்கியமேரி, பிரான்சின் தலத்தால் லூர்துமேரி, லூர்துநாதன். அந்த வரிசையில் பாத்திமா மேரியும் பாத்திமா ராணியும் இயல்பாக அமர்ந்தார்கள். 1953இல் மதுரைக் கல்லூரிக்கு அப்பெயர் வைக்கப்பட்டதும் இந்த அலையில்தான்.

இந்த ஒற்றுமைக்கு இறையியல் விளக்கம் தந்தவரும் உண்டு. அமெரிக்க ஆயர் புல்டன் ஷீன் 1952இல் வெளியான தம் நூலில், முஸ்லிம்களைத் தம்பால் ஈர்க்கவே மாதா அந்த ஊரைத் தேர்ந்துகொண்டார் என்று எழுதினார். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பவனி வந்த சுரூபத்தை முஸ்லிம்கள் ஆர்வத்தோடு வரவேற்றதைச் சான்றாகக் காட்டினார். அவர்கள் வரவேற்றதை நான் ஐயுறவில்லை. மர்யம் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆயினும் அந்த வரவேற்பை மதமாற்றத்தின் முன்னறிகுறியாகப் படித்தது ஆயரின் விருப்பம். பழைய இளவரசிக் கதையையும் அவர் வரலாறாகவே எடுத்துக்கொண்டார்.

1960களிலும் 70களிலும் பிரான்சில் இரண்டு வழிகளும் சந்தித்தன. வட ஆப்பிரிக்காவின் மக்ரெபிலிருந்து வந்த தொழிலாளர் மகள் பாத்திமா. போர்ச்சுகலிலிருந்து வந்த தொழிலாளர் மகள் மரியா தெ பாத்திமா. புறநகர்க் குடியிருப்புகளில் அவர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள், பலருடைய தாய்மார்கள் ஒரே மாதிரி துப்புரவு வேலைக்குப் போனார்கள். பிலிப் போகோன் இயக்கி 2016இல் சிறந்த படத்துக்கான செசார் விருது பெற்ற ‘பாத்திமா’ அப்படியொரு துப்புரவுப் பணித் தாயின் கதை.

1983இன் புதிய திருச்சபைச் சட்டம் பழைய விதியைத் தளர்த்தியது: கிறித்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாதிருந்தால் போதும். இன்று ஸ்பெயினின் பிறப்புப் பதிவேட்டில் வரும் பாத்திமாக்களில் ஒரு பகுதியினர் மரியன்னை பக்தியுள்ள குடும்பத்தார். ஒரு பகுதியினர் மொராக்கோவிலிருந்து வந்த பெற்றோரின் மகள்கள். பெயர்ப் பட்டியல் இருவரையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டிவிடுகிறது. முன்னால் மரியா இருக்கிறதா, பின்னால் நபிகள் மகளின் பட்டப்பெயரான ஸஹ்ரா இருக்கிறதா என்று பார்த்தே எந்த வழியில் வந்தவள் என்று பிரிக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது பதிவேட்டைக் கொண்டு பிரிக்க வழியில்லை.